கோச்சியில் ஏறி வா

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி எங்கள் வியூ பொயின்டுக்கு எப்படி வருவது என்று யாராவது கேட்டால் வாயால் சொல்வேன். எழுதித் தா என்றால் தரமாட்டேன். கேட்பவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள். எனக்குத் திமிர் இருந்தது உண்மைதான். அது வேறு விஷயத்தில்.

வழி ஒன்றும் பிரமாதமில்லை. விமான நிலையத்துக்கு வெளியே பஸ் பிடித்துக் கொழும்புக் கோட்டைக்கு வரவேண்டும். கோட்டை ஸ்டேஷனில் கண்டிக் கோச்சியில் ஏறவேண்டும். கோச்சி என்றால் ரயில். இந்த நாட்டில் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் சண்டையில்லாமல் பங்குபோட்டுக்கொண்ட ஒன்றிரண்டு சொற்களில் அதுவும் ஒன்று. கடுகண்ணாவை ஏற்றத்தில் கோச்சி மூச்சு வாங்கும், பயப்படத் தேவையில்லை. கண்டியில் இறங்கி வாவிக்கரைக்கு நடந்து, மேலே ஏறும் சின்ன பஸ்ஸில் வளைவு வரைக்கும் வந்தால் இரும்புக் கம்பி கட்டிய ஒரு இடம் வரும். அதுதான் வியூ பொயின்ட். கீழே வாவி, தலதா மாளிகையின் கூரை, கடைத்தெரு, பஸ்கள் எல்லாம் தெரியும். வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள்.

என் அக்கா அங்கே அன்னாசி விற்றாள். ஒரு பலகைத் தட்டு, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு கத்தி, உட்கார ஒரு முக்காலி. அன்னாசியை நீளமாக வெட்டி உப்பும் கொச்சிக்காய்த் தூளும், அதாவது மிளகாய்த் தூளும், தூவிக் கொடுப்பாள். வெள்ளைக்காரர்கள் கொச்சிக்காய் கூடி இருமுவதைப் பார்த்து மனதுக்குள் சிரிப்பாள். எங்கள் வீடு அங்கிருந்து படிகளில் இறங்கிப் போகும் பள்ளத்தில் இருந்தது. வீட்டுக்கு இலக்கம் கிடையாது. அதனால் எங்களைத் தேடி வருகிற யாராக இருந்தாலும் முதலில் வியூ பொயின்டுக்கு வந்து அக்காவிடம் கேட்கவேண்டும். தபால்காரரும் அப்படித்தான்.

நான் கண்டியில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்தேன். கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் என்று எது அச்சேறினாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். பதின்மூன்று வயதில் எழுத்துப் பொறுக்கப் போனவன், பிழை பொறுக்குகிறவன் ஆனேன். ஒரு புள்ளி தவறினாலும் என் கண்ணில் முள்ளாகக் குத்தும். எழுத்துக் கோர்க்கிற பையன்கள் பிழைவிட்டால் முதலாளி, “விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்” என்பார். “சறுக்குற ஆனைய எதுக்குச் சோறு போட்டு வளக்குறீங்க” என்று நான் கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், திட்டு வாங்கியவனைத் தவிர.

என் தம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் இந்தியாவில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினான்கு, அவனுக்கு ஒன்பது. மலையகத் தமிழர்களில் யாருக்கு எந்த நாடு என்று காகிதங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்த காலம் அது. மாமாவின் குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. மாமாவின் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாகத் தம்பியையும் சேர்த்து அனுப்பிவிடுவது என்று அக்கா முடிவெடுத்தாள். மூன்று வயிற்றை அவளால் நிரப்ப முடியவில்லை. “அங்க போனா நாலு எழுத்துப் படிப்பான்” என்று சொன்னாள்.

கண்டி ஸ்டேஷனில் அவன் அக்காவின் பாவாடையை விடவில்லை. மாமா இழுத்தார், நான் இழுத்தேன். கடைசியில் அக்கா குனிந்து அவன் காதில் சொன்னாள்: “நீ முன்னால போய் எனக்கு எடம் புடிச்சு வை. அடுத்த கோச்சியில நான் வந்துருவேன்.” அவன் உடனே கையை விட்டுவிட்டு ஓடிப் போய் ஏறினான். ஜன்னலில் தலையை நீட்டி, சீட்டைக் கையால் தட்டிக் காட்டினான்.

இருபத்தெட்டு வருஷம் அக்கா அந்தப் பொய்யோடு இருந்தாள். வேறு எத்தனையோ பொய் சொல்லியிருப்பாள், இதுமட்டும் அவளுக்குச் செரிக்கவில்லை. வியூ பொயின்டில் நின்றால் கீழே கோச்சி ஊதுவது கேட்கும். அப்போதெல்லாம் கத்தியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, என்னைப் பற்றி மட்டும் என் வாய்க்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள்.

தம்பி நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தான். மாமா அவனைப் படிக்க வைக்கவில்லை. அவன் மனைவிக்கும் எழுத்து வாசனை இல்லை. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவனுடைய ஒரே மகள்தான், பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், நாங்கள் எழுதுவதை அவள் வாசித்துக் காட்டுவாள். கொம்பும் சுழியும் பிசகாத எழுத்து. அவள் கடிதத்தில் பிழை பிடிக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன். “எம்மக டீச்சராகப் போறா” என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும். அதையும் அவளேதான் எழுதியிருப்பாள்.

அக்காவுக்கு ஈரலில் நோய் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த அன்றே, “அவன வரச் சொல்லு” என்றாள். “என்னத்த சொல்ல” என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் முன்னால ஒருக்கா ஒக்காரணும்.”

தம்பியிடம் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. எப்படி வருவது, வழியை விளக்கமாக எழுதுங்கள் என்று மகள் எழுதியிருந்தாள். யுத்தத்தில் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோய்ப் பல வருஷமாகியிருந்தது. ஆகாய வழிதான் வழி. திருச்சியில் விமானம் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அதை நான் எழுதவில்லை. அச்சகத்தில் வேலைக்கு நடுவே நின்றுகொண்டே எழுதினேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுவது என் பழக்கம். கண்டி பஸ்களை வழியில் நிறுத்தி ஆட்களை இறக்கிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்களம் மறந்த ஒருவன் அதில் மாட்டவேண்டாம் என்று நினைத்தேன். கடிதம் இப்படித்தான் தொடங்கியது: “அக்காவுக்குக் கடுமை. உடனே புறப்படு. கோச்சியில் ஏறி வா. கட்டுநாயக்கவில் இறங்கியதும் கொழும்புக் கோட்டைக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து கண்டி.” மிச்சம் வியூ பொயின்ட் வரைக்கும் வழி.

எழுதியதை நான் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. பிழை விடுகிறவன்தானே திரும்ப வாசிக்கவேண்டும்.

அதன் பிறகு அக்கா நாள் எண்ணினாள். கடிதம் போய்ச் சேர இத்தனை நாள், புறப்பட இத்தனை நாள் என்று விரலை மடக்குவாள். முடிந்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து முக்காலியில் உட்காருவாள். விற்பதற்கு ஒன்றும் இருக்காது. பக்கத்தில் கடலை விற்கும் சிங்களக் கிழவர் அவளுக்குக் குடை பிடிப்பார். முடியாத நாட்களில் என்னை அனுப்பினாள். “அங்க யாரும் இல்லாட்டி அவன் திரும்பிப் போயிருவான்” என்றாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து வருகிறவன் ஆளில்லை என்று திரும்பிப் போவானா என்று எரிச்சல்பட்டேன். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

புதன்கிழமை பின்னேரம் அவள் போய்விட்டாள். கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை. கீழே கோச்சி ஊதியபோது கண்ணைத் திறந்து, “இதுலயா” என்று கேட்டாள். “இதுலதான் வருவான்” என்றேன். அந்தக் கோச்சியில் அவன் வரவில்லை.

எம்பாம் செய்து இரண்டு நாள் வைத்திருந்தோம். தம்பியிடமிருந்து தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை மஹியாவையில் அடக்கம் செய்தோம். மரண அறிவித்தலை நானே எழுதி, நானே புரூப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். ‘இந்தியாவில் வசிக்கும்’ தம்பியும் அதில் இருந்தான். அக்காவின் படத்தோடு அதைக் கறுப்புக் கட்டம் போட்டு அடித்து, வியூ பொயின்ட் சுவரிலும் ஒட்டினோம். அதில் ஒரு பிழைகூட இல்லை.

சனிக்கிழமை பகல் கடலைக் கிழவர் படியில் இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். கையில் ஒரு ரெக்சின் பையோடு ஒருவன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரைக் காட்டி, “அம்மா படத்த எதுக்குண்ணே இங்க ஒட்டியிருக்கு” என்று கேட்டான். அவனுக்கு அந்தக் காகிதத்தை வாசிக்கத் தெரியாது. மாமா வீட்டில் தொங்கிய அம்மாவின் படத்தைப் பார்த்து வளர்ந்தவன். அக்காவுக்குக் கடைசியில் அம்மாவின் முகமே வந்திருந்தது.

“அம்மா இல்லடா. அக்கா” என்றேன்.

அவன் கத்தவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்து, அதன் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “மண்டபம் கேம்புல ரெண்டு மாசம் இருந்தோம்ணே. பாயில என் பக்கத்துல எடம் புடிச்சு வச்சிருப்பேன். வேற புள்ளைங்க படுத்தா அடிப்பேன். அக்கா அடுத்த கோச்சியில வருதுன்னு சொல்லுவேன்.” அக்கா அவன் முன்னால் ஒருமுறை உட்கார நினைத்தது இந்தப் பேச்சைக் கேட்கத்தான். அவளுக்குப் பதிலாக நான் நின்றேன்.

“ஏன்டா இவ்வளவு நாள்” என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னான். மகள் கடிதத்தைக் ‘கொச்சியில் ஏறி வா’ என்று வாசித்தாளாம். கொச்சி. கேரளத்துக் கொச்சி. கூடலூரிலிருந்து பார்த்தால் அது அப்படியொன்றும் தூரமில்லை. அண்ணன் படித்தவர், சொன்னால் காரணம் இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொச்சிக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து கொழும்புக்கு விமானமே இல்லை. ஆள் ஆளுக்கு ஒன்று சொல்ல மூன்று நாள் அலைந்து, பிறகு திருச்சிக்கு வந்து, டிக்கெட்டுக்கு ஒரு நாள் காத்துக் கிடந்திருக்கிறான். நேரே திருச்சிக்குப் போயிருந்தால் செவ்வாய்க்கிழமை அக்காவின் பக்கத்தில் இருந்திருப்பான்.

“இங்க வந்து ஏர்போர்ட் பஸ்ஸுல கண்டிப் பக்கத்து அக்குறணைக்காரர் ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. முஸ்லிம் ஆளு. வழி கேட்டுக் கடுதாசியக் குடுத்தேன். அவரு மொத வரியிலயே, ‘தம்பி, இது கோச்சி. கோட்டையில கோச்சி எடுக்கச் செல்லித்தானே எழுதியீக்கி’ன்னாரு. கோச்சின்னு அவ வாசிச்சிருந்தா எனக்குத் தெரியாதாண்ணே? நான் அழுதுகிட்டே போனது அதுலதானே? அங்க பேசுனா சிலோன்காரன்னு சிரிப்பானுங்கன்னு அந்த வார்த்தைய விட்டுட்டேன். அதான் அவளுக்குத் தெரியல. தெரியலன்னா எழுத்தப் பாத்து வாசிக்க வேண்டியதுதானே?”

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். “நீங்களே வாசிங்க.”

பிரித்தேன். என் கையெழுத்து. முதல் வரியின் நடுவில் அந்தச் சொல் இருந்தது. ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு. மேலே இருக்கவேண்டிய சுழி இல்லை. கொச்சி. நாள் முழுவதும் கொச்சிக்காய்த் தூளோடு வாழ்கிற வீட்டில் என் கைக்கு அந்த எழுத்துத்தான் பழக்கமோ என்னவோ. அக்குறணைக்காரர் இந்த ஊர்க்காரர், எழுத்தைப் பார்க்காமலே சரியாக வாசித்துவிட்டார். இந்த ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் வாசிப்பான். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசித்தவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

“கோச்சியில் ஏறி வா” என்று நான் சத்தமாக வாசித்தேன்.

“பாத்தீங்களா” என்றான். “பன்னெண்டாவது படிக்கிறாளாம், டீச்சராகப் போறாளாம். ஒரு வார்த்தைய ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவளுக்குப் படிப்பு எதுக்கு? போனதும் நிறுத்திடுவேன். கொழுந்து எடுக்கப் போகட்டும். அக்கா மொகத்தப் பாக்க விடாம பண்ணிட்டாளே.”

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கவேண்டும். இரண்டு வார்த்தை போதும்: பிழை என்னுது. எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் ஊரெல்லாம் பிழை பிடித்த வாய் அது. அதைவிட, அக்காவும் போய்விட்டாள், இவனும் என்னை வெறுத்துவிட்டுப் போனால் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயம். கீழே வாவியில் படகு ஒன்று போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “சின்னப் புள்ளதானேடா” என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லி அவள் தலையில் பழியை இன்னும் இறுக்கினேன்.

“இத நீங்களே வச்சுக்கங்க. எனக்கு எதுக்கு” என்று கடிதத்தை என்னிடம் விட்டுவிட்டுப் பீலிக்குக் குளிக்கப் போனான். நான் வீட்டு மேசையில் அதை விரித்தேன். சட்டைப் பையில் அதே பேனை இருந்தது, அதே நீல மை. கொம்பின் தலையில் ஒரு சுழியைச் சேர்த்தேன். பிழையைக் கண்டால் திருத்துவது தொழில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

எட்டாம் நாள் படையல் முடிந்து அவன் புறப்பட்டான். கண்டி ஸ்டேஷனுக்கு நான் கூடப் போனேன். கோச்சி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே நீங்கதாண்ணே எனக்கு” என்றான். சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் அது. “பத்திரமாப் போ” என்றேன்.

நான்கு மாதம் தாங்கினேன். கல்யாணக் கார்டில் ஒற்றைக் கொம்பைப் பார்த்தாலே கண் அங்கேயே நின்றுவிடும். பையன்களைத் திட்டுவதை விட்டேன். முதலாளி எனக்குச் சுகமில்லை என்று நினைத்தார். கடைசியில் உட்கார்ந்து தம்பிக்கு எழுதினேன். நான் சுழி போடாமல் எழுதியதுதான் பிழை, உன் மகள் வாசித்தது சரி, அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று தெளிவாக எழுதினேன். மூன்று தடவை வாசித்துப் பார்த்துத் தபாலில் போட்டேன். பழைய கடிதத்தில் பின்னால் நான் சேர்த்த சுழியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டில் அதை வாசித்துக் காட்டவேண்டியவளே அவள்தான் என்று.

பதில் அவளிடமிருந்து வந்தது.

“அன்புள்ள பெரியப்பாவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வாசித்தால் அப்பா நம்பமாட்டார் என்று போஸ்ட்மேன் மாமாவை வாசிக்கச் சொன்னேன். அவர் முழுவதும் வாசித்தார். அப்பா அழுதார். ‘உன்னக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாரு, அண்ணன் மனசு யாருக்கு வரும்’ என்றார். உங்கள் படத்தைக் கேட்டு வாங்கி மாட்டவேண்டும் என்கிறார். நான் கொழுந்து எடுக்கப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் என் பெயரை வெட்டவில்லை என்று டீச்சர் சொன்னார். அந்தப் பழைய கடிதம் உங்களிடம் இருக்கிறது என்று அப்பா சொன்னார். அதை அனுப்பி வைப்பீர்களா? போஸ்ட்மேன் மாமா அந்த ஒற்றைக் கொம்பை அப்பாவுக்குக் காட்டினால் போதும். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.”

அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய், அச்சகத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சுழி அழகாக விழுந்திருந்தது. மையில் வித்தியாசம் இல்லை, அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. என் வாழ்நாளில் நான் போட்ட திருத்தங்களில் அவ்வளவு சுத்தமானது வேறில்லை. கடிதத்தைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை.